நீலத் தபால்தலைகளைக் கழுவிய தண்ணீர்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் அண்ணியின் வலது மணிக்கட்டை வந்து பார்த்துக்கொள்ளலாம். அண்ணிக்குப் பொய் சொல்லவே வராது. கல்யாண வீட்டில் வைத்தே என் பாட்டை நிறுத்தச் சொன்னவர்.

அருங்காட்சியகத்தில் பழைய தபால்தலைகளைப் பாதுகாப்பது அவர் வேலை. ஒருநாள் ஓர் ஆல்பம் வந்தது. நாட்டின் முதல் தபால்தலை தொடங்கி ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது. அவர் இறந்துபோக, மகன்காரன் விற்க வந்திருந்தான்.

“ஒரு பக்கத்துல கறை இருக்கு. கழுவிட்டு வாங்கிக்குங்க. முடியாதுன்னா ஒண்ணொண்ணா பிரிச்சு வெளியில வித்துடுவேன்.”

அண்ணி பதறிப்போனார். ஊருக்கே சொந்தமான சரித்திரம் ஆளுக்கொரு துண்டாகப் போவதா? அந்தப் பதற்றத்தில் கறையைச் சோதிக்காமலே, ஈரம் பட்ட பழுப்பு என்று முடிவு கட்டிவிட்டார்.

பட்டப்பகல். மணி 3.10. கறை பட்ட பக்கத்தில் மொத்தம் பன்னிரண்டு தபால்தலைகள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தட்டில் விடத் தொடங்கினார்.

3.17. தண்ணீர் சிவந்தது. சிவப்பு மை கரைவது சகஜம்தான். ஆனால்... தட்டில் கிடந்த பதினொன்றும் நீல நிறம்.

பன்னிரண்டாவதை எடுக்கக் கை நீட்டினார்.

மணிக்கட்டை ஏதோ பிடித்தது. அறையில் யாருமில்லை.

உதறினார். விடவில்லை. கையைத் தூக்கி மேசையில் அறைந்தது.

டங்... டங்...

தட்டு நொறுங்கியது. இடுக்கி உள்ளங்கையில் இறங்கியது.

“விடு...”

மடக்.

எலும்பு.

3.19. பிடி தளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரும்மா பிடிச்சது? கட்டைவிரல் தடம் இருக்கு. மத்தது ரெண்டே விரல்தான் பதிஞ்சிருக்கு.”

மறுநாள் கட்டோடு வேலைக்குப் போன அண்ணி இதைச் சொன்னதும் மேலாளர் பெரியவர் செத்த செய்தி வந்த பழைய பேப்பரைத் தேடி எடுத்து வாசித்தார்.

“அந்தப் பெரியவரை வீடு புகுந்து கொன்னுட்டாங்கம்மா. ஆல்பத்தை விடாமப் பிடிச்சிருந்தாராம். ரெண்டு விரலை வெட்டிட்டுத்தான் திருடன் அதைப் பிடுங்கிட்டு ஓடினான்னு மகன் சாட்சி சொன்னார்.”

“திருடன் கொண்டுபோன ஆல்பம் மகன்கிட்ட எப்படி சார் வந்துச்சு?”

மேலாளர் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். கறை போய்விட்டதா என்று பார்க்க மகன்காரன் கீழே வந்து காத்திருந்தான்.

பதினொன்றில் கறை கழுவிப் போய்விட்டிருந்தது. ரத்தக் கறையோடு மிஞ்சியது ஒன்று. அதை உறைக்குள் போட்டு, இடது கையில் இறுக்கிக்கொண்டு, அண்ணி பின்வாசல் வழியாகக் காவல் நிலையத்துக்கு நடந்தார்.