காது இரைச்சலுக்கு மாத்திரை சாப்பிட்ட வருஷம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அப்போது எனக்கு வேலை. பொன்னேரியிலிருந்து ரயிலில் போய்வருவேன். உள்ளே இருக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனோடுகூடக் கை ஜாடையில்தான் பேசிக்கொள்வோம். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். ஃபோர்மேன் விசில் அடித்துக் கூப்பிட்டால் கேட்காது என்று யாரும் போடுவதில்லை. நானும் போடவில்லை.

ஒருநாள் வீட்டில் டியூப்லைட் 'ங்ஙீ' என்று இரைவதாக நினைத்து எழுந்து அணைத்தேன். இரைச்சல் நிற்கவில்லை. அது என் காதுக்குள் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. கூடவே பேச்சுகளின் முனை மழுங்க ஆரம்பித்தது. எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. செவிடன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சத்தில், மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பேன், தலையாட்டினால் ஆட்டுவேன்.

முதலில் கண்டுபிடித்தவன் என் மனைவியின் தம்பி. செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவன், ஆளுக்கு ஆள் சேர்த்துவிட்டுச் சத்து மாத்திரை விற்கிற ஒரு சங்கிலிக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். நான் டிவியை அலறவிடுவதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலோடு வந்தான்.

"மாமா, இது நரம்பு வீக்னெஸ்தான். கின்கோனு ஒரு எல, ஜிங்க், மெக்னீசியம், எல்லாம் இதுலயே கீது. செத்த நரம்பு திரும்ப உயிர் புடிச்சிக்கும்."

டாக்டரிடம் போவதைவிட இது எனக்கு வசதியாக இருந்தது. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ரயிலேறினால் குமட்டும், வாயெல்லாம் இரும்பு வாடை அடிக்கும். மருந்து வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். காபியை நிறுத்தினேன், பாதாமை ஊறவைத்துத் தின்றேன், முருங்கைக்கீரை வாங்கி வந்தேன். மனைவி எதற்கென்று கேட்டபோது உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் உலை பழுது பார்ப்பதற்காக ஆலையை மூடினார்கள். வீட்டில் இருந்த நாட்களில் இரைச்சல் தணிந்தது. மாத்திரைதான் காரணம் என்று மனதார நம்பினேன். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போடுகிறோம், நடந்ததை அப்படியே சொன்னால் போதும் என்றான். தம்பி சொல்லித்தான் மனைவிக்கு விஷயமே தெரிந்தது; பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் நன்றாகவே பேசினேன். கை தட்டினார்கள். அப்போது பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் வயதான பாய் ஒருவர் எழுந்து ஏதோ கேட்டார். மின்விசிறிகளின் ஓசையில் எனக்கு விழுந்தது, 'அக்கறை இருக்கிறவங்க சாப்பிடலாமா' என்பதுதான்.

"அக்கற இருந்தாத்தான் சாப்புடணும். எங்க ஊட்டம்மாவுக்கு என் மேல ரொம்ப அக்கற" என்றேன்.

மண்டபமே சிரித்தது. என் பேச்சை ரசிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன். இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு பெரிதானது. மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று உறைத்தது.

பாய் சிரிக்கவில்லை. "சக்கர கீறவங்க சாப்ட்லாமான்னு கேட்டேன் தம்பி, சக்கர வியாதி" என்று உரக்கச் சொன்னார்.

மச்சான் மைக்கைப் பிடுங்கி, மாமாவுக்கு இன்னும் ஒரு பாட்டில் பாக்கி இருக்கிறது என்று சமாளித்தான். அதற்கும் சிரித்தார்கள். மேடையிலிருந்து இறங்கி மனைவியோடு நேரே வாசலுக்கு நடந்தேன்.

வாசலில் பாய் என் காதருகே வந்து பேசினார். தன் மனைவிக்கும் காது இரைகிறதாம், சர்க்கரையும் இருக்கிறதாம். என்னைக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்றுதான் வந்தாராம். மச்சான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு இன்னும் இரைஞ்சிக்கினுதான் கீது பாய். வாங்காதீங்க. டாக்டராண்ட இட்டுக்கினு போங்க" என்றேன். இன்னும் இரைகிறது என்பதை மனைவியின் முன்னால் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை.

வீடு வரைக்கும் அவள் எனக்கு முன்னாலேயே நடந்தாள். கதவைத் திறந்ததும், "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டாள். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவள்தான் என்னைச் சென்னையில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் எதுவுமே கேட்காமல் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தில் போன நரம்பை எந்த மாத்திரையும் மீட்காது என்றார் டாக்டர். லீவில் காது ஓய்வெடுத்ததால்தான் இரைச்சல் தணிந்ததாம். ரத்தத்தில் பி12 குறைவாக இருந்ததற்கு ஊசி போட்டு, மீன், முட்டை, பால் சேர்க்கச் சொன்னார். அதனால் காது திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாளிலிருந்து காதடைப்பானோடு வேலைக்குப் போனேன். ஃபோர்மேன் முறைத்தார். பிறகு தோளில் தட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டார். டாக்டர் எழுதிக்கொடுத்த காது மெஷின் வந்ததும் முடியை வளர்த்து மூடிக்கொண்டேன். மச்சான் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை, அடுத்த தீபாவளிக்கு வந்தான்.

இன்றைக்கும் யாராவது பேசுவது புரியாவிட்டால், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். கேட்கிறபோதெல்லாம் முகம் சூடாகத்தான் செய்கிறது.