ஆமென்காரர் போட்ட சீட்டு

பஸ் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம் என்ஜினோடு மல்லுக்கட்டியவர் நம்ம மெக்கானிக். ஆனால் சபையில் அவருக்கு ஆமென்காரர் என்றுதான் பெயர். பாஸ்டர் ஜெபத்தை முடிப்பதற்குள் ஒரு ஆமென் போடுவார் பாருங்கள், பின்வரிசையில் தூங்குகிறவர்கள் அலறியடித்து எழுந்து உட்காருவார்கள்.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்கு வீட்டில் பூட்டு விழுந்திருந்தது. ஆள்குறைப்பு என்று சொல்லி ஷெட்டிலிருந்து அனுப்பி மூன்று வாரம் ஆகிறது, மனைவியிடம் மூச்சுவிடவில்லை. கேட்டால் உடைந்துபோவாள் என்று பயம். தினமும் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பைபிள் படிப்பார். ஐந்தரைக்குக் களைத்துப்போனவர் மாதிரி வீடு திரும்புவார். சங்கீதங்களை இரண்டு முறை முடித்தாயிற்று. தைரியம்தான் வந்தபாடில்லை.

சபை வாசலில் ஒரு ஜெபப்பெட்டி உண்டு. பெயர் போடாமல் விண்ணப்பம் எழுதிப் போட்டால் ஆராதனையில் பாஸ்டர் உரக்க வாசித்து ஜெபிப்பார். போன இரண்டு ஞாயிறும் ஒரே விண்ணப்பம் வந்தது: "என் கணவர் எதையோ மறைத்துத் தனியே கஷ்டப்படுகிறார். அவர் வாயைத் திறந்தருளும், ஆண்டவரே." மெக்கானிக் கண்கலங்கிப் போட்ட ஆமெனில் ஜன்னல் அதிர்ந்தது. "எவனோ கல்நெஞ்சக்காரன், கட்டினவகிட்டயே மறைக்கிறான் பாரு," என்று வழியெல்லாம் மனைவியிடம் புலம்பினார். தன் கதை அந்த மனுஷனுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை!

இந்த ஞாயிறு தானும் ஒன்று எழுதினார்: "வேலை போய்விட்டது. அவளிடம் சொல்லத் தைரியம் கொடும்." காலண்டர் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். அதே பையில், அதே காலண்டரில் கிழித்த இன்னொரு தாள், மனைவி எழுதிக்கொடுத்த கடைச் சாமான் பட்டியல். வாசலில் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, பயபக்தியோடு பெட்டியில் போட்டார்.

பாஸ்டர் சீட்டைப் பிரித்தார். "எலிப்பொறி ஒன்று."

சபை விழித்தது. பாஸ்டர் அசரவில்லை. "சத்துருவின் கண்ணிக்கு எங்களைத் தப்புவியும்! துணிசோப்பு இரண்டு... எங்கள் உள்ளத்தைக் கழுவும்! பல்பு ஒன்று, எரியவிட்டுப் பார்த்து வாங்கவும்... எங்களைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும்!"

எல்லோரும் ஆமென் என்றார்கள். மெக்கானிக் மட்டும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"என்னங்க, அது என் லிஸ்ட்டாச்சே," என்றாள் மனைவி காதோரம். "அப்ப பையில இருக்கிறது என்ன?"

அவர் பையைப் பொத்தினார். அவள் அவர் கையை விலக்கி, சீட்டை எடுத்துப் படித்தாள். அதற்குள் பாஸ்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்: "என் கணவர் எதையோ மறைத்து..."

வழக்கமான இடத்தில் ஆமென் வரவில்லை. பாஸ்டரே கண்ணைத் திறந்து பார்த்தார். அப்போது மனைவி கணீரென்று சொன்னாள், "ஆமென்!"

மெக்கானிக் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "நீயா எழுதின?"

"பின்ன யாரு? மூணு வாரமா யூனிஃபார்மை ஊறவச்சா தண்ணி கறுக்கவே இல்ல. இத்தனை வருஷம் தோய்க்கிறவளுக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தா, நான் எழுதினதுக்கே ஆமென் போடுறீங்க!"

பாதி அவமானம், பாதி நிம்மதி. அவர் தலைகுனிந்து அழுதார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ரெண்டு பேருமா வேலை தேடுவோம். அதுவரைக்கும் சோப்பு ஒண்ணு போதும்."

"ஆமென்," என்றார் மெக்கானிக், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.