போனுக்கு ஒன்பது கொக்கி

தையல்காரிக்கு இரண்டு கையும் இரண்டு கண்ணும் போதும் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். போனைப் பிடிக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

பூனாகலைப் பாதையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டை ஒட்டி, தகரம் இறக்கிய சாய்ப்பில் பத்து வருஷமாக மெஷின் போட்டிருக்கிறேன். சாய்ப்புக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் வெளிச்சம் வரும், தூரத்தில் நமுனுகுல மலை தெரியும், சிக்னலும் வரும். ஆகவே மெஷினுக்கும் போனுக்கும் ஒரே இடம்தான்.

என் வீட்டுக்காரர் கட்டாரில் லொறி டிரைவர். அவருடைய சாப்பாட்டு நேரம் நமக்கு மத்தியானம் இரண்டரை. தினமும் பதினைந்து நிமிஷமாவது முகம் பார்த்துப் பேசலாமே என்றுதான் இந்தப் போனை அனுப்பிவைத்தார். பதினைந்து நிமிஷத்துக்காக வந்த பொருள் மிச்ச நாளையும் எப்படி வளைத்துப் போட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே நடந்திருக்கும்?

முந்நூறு கழுத்து

பக்கத்து லயத்தில் இருக்கும் முத்தம்மா அத்தை கொழுந்து பறிக்கிறவர். அவருடைய மகள் பவானிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பிளவுஸ் தைக்க என்னிடம் வந்தாள். துணியைவிடப் பெரிய சுமையாகப் போனில் படங்களைக் கொண்டுவந்திருந்தாள். முன்கழுத்து ஒரு படத்தில் இருந்து, பின்கழுத்து இன்னொன்றில் இருந்து, கை மூன்றாவதில் இருந்து. முந்நூறு படமாவது இருக்கும். நான்காவது படம் திறக்கவில்லை. சரி, என் போனில் தேடலாம் என்று நானும் எடுத்தேன்.

கழுத்தைத் தேடப்போய் மருதாணி வந்தது. மருதாணி போய் மணவறை வந்தது. பிறகு யாரோ ஒரு பெண் கேக்கை வெட்டினாள், அது கேக் இல்லை, தலையணை. இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, தலையணையாகப் போன கேக்குகளை ஒன்றுவிடாமல் பார்த்தோம். அடுப்பில் வைத்திருந்த தேத்தண்ணி வற்றிக் கேத்தல் கருகும் வாசம் வந்தபோதுதான் பவானி தலையைத் தூக்கினாள். "அக்கா, நம்ம எதுக்கு போன எடுத்தோம்?"

இரண்டு இடது கை

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சிவகௌரி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பரிசளிப்பு விழாவுக்கு பிளவுஸ் தைக்கவென்று மாம்பழ நிறத்தில் நல்ல கெட்டித் துணி தந்திருந்தார். அளவு எனக்கு மனப்பாடம். ஒரு கையை வெட்டினேன். அதைப் புரட்டிப் போட்டுத்தான் மற்றக் கையை வெட்ட வேண்டும். இது தையல் பழக வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். ஆனால் அந்த நேரம் பார்த்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த போனில் ஒருத்தி பழைய சேலையில் திரைச்சீலை தைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் தையலைப் பார்த்தபடியே என் துணியைப் புரட்டாமல் வெட்டிவிட்டேன்.

மீதித் துணியில் இன்னொரு கை தேறவில்லை. டீச்சர் வந்ததும் ஒளிக்காமல் சொன்னேன். வேறு நிறத்தில் கை வைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் இரண்டு துண்டையும் எடுத்துத் தன் தோளில் மாறி மாறி வைத்துப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார்: "விஜி, எனக்கு ரெண்டு கையும் ஒரே பக்கம் முளைச்சிருக்கெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

டப்பாவுக்குள்

அன்றைக்கே முடிவு எடுத்தேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் போன் பொத்தான் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். அது பிஸ்கட் வந்த பெரிய தகர டப்பா. சத்தத்தையும் நிறுத்தி அதிர்வு மட்டும் வைத்தேன். கல்யாண சீசன் வேறு. பிளவுஸ்காரிகள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக மெசேஜ் அனுப்பத் தொடங்கினார்கள். போன் உதற, பொத்தான்கள் உதற, டப்பாவே மேசையில் நடக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு போன் அடித்தால் எனக்கு மட்டும்தான் கேட்கும். இப்போது லயத்துக்கே கேட்டது.

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் கூடையோடு வந்த முத்தம்மா அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னா புள்ள, டப்பாக்குள்ள காலப் பெரட்டுக்கு ஆள் கூப்புடத் தப்பு அடிக்கிறாங்களா?"

ஒரு 'ம்'

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற கதை. இது அப்படி இல்லை.

இரண்டரை மணிக்கு வரும் அவருடைய போன் கோலை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் பேசிக்கொண்டே அவரைச் சின்னச் சதுரமாக்கித் திரையின் மூலைக்குத் தள்ளிவிடலாம் என்று பவானி பழக்கியிருந்தாள். அவர் மூலையில் பேசுவார். நான் மிச்சத் திரையில் வந்த மெசேஜ்களைப் பார்ப்பேன். நடு நடுவே "ம்" போட்டால் போதும். அவருக்கு என் முகம் தெரியும், கண் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் வீட்டுக்காரரின் தங்கச்சி பண்டாரவளையில் இருந்து வந்தாள். வந்ததும் வராததுமாக, அண்ணனுக்குக் கை இப்போது எப்படி என்று கேட்டாள். எந்தக் கை என்று நான் கேட்டேன். லொறிக் கதவில் சிக்கி இரண்டு விரல் நசுங்கிப்போய், கட்டுப் போட்டு நான்கு நாளாகிறதாம். எனக்கு யாருமே சொல்லவில்லையே என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணி, அண்ணன் ஒங்ககிட்டதான் மொதல்ல சொன்னதா சொன்னாரே."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் "ம், சரி" என்றேன். அடுத்த நாள் கோலில் அழுதுகொண்டு கேட்டேன். சின்னக் காயம், ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றிவிட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம். இனி எது நடந்தாலும் இவர் என்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டால்?

கொக்கி

போனை உடைத்துப்போட முடியாது. அந்தப் பதினைந்து நிமிஷம் அதற்குள்தான் இருக்கிறது. பூட்டி வைத்தால் சாவியும் என்னிடம்தான். கடைசியில் எனக்குத் தெரிந்த தொழிலிடமே போனேன். டீச்சரின் பிளவுஸுக்கு வேறு நிறக் கை வைத்ததில் மிஞ்சிப்போன மாம்பழ நிறக் கைத் துண்டு இரண்டில் ஒன்றை எடுத்துப் போன் அளவுக்கு ஒரு பை தைத்தேன். ஜிப் இல்லை, பொத்தான் இல்லை. வாயில் நெருக்கமாக ஒன்பது பிளவுஸ் கொக்கி. பட்டியையும் இறுக்கமாக வைத்தேன். அவசரத்தில் இழுத்தாலும் திறக்காது. ஒவ்வொன்றாக, நகத்தால் தள்ளித்தான் கழற்ற வேண்டும்.

முதல் கொக்கியைக் கழற்றும்போது ஆசை இருக்கும். மூன்றாவதில் நகம் வலிக்கும். ஐந்தாவதில் நான் எதற்காக இதை எடுக்கிறேன் என்று எனக்கே மறந்துபோயிருக்கும், திரும்ப மாட்டிவிடுவேன். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, முதல் நாள் ஏழு தரம் ஒன்பதையும் கழற்றினேன். கொக்கிகளே தளர்ந்து போயின. இரட்டை நூலில் மறுபடி தைத்தேன். ஒரு வாரத்தில் ஏழு, மூன்றாகியது. பிளவுஸ்காரிகளுக்கும் சொல்லிவிட்டேன்: மெசேஜுக்குப் பதில் மாலை ஐந்து மணிக்கு, அவசரம் என்றால் நேரில் வாருங்கள். ஒருத்திகூட என்னை விட்டுப் போகவில்லை. முத்தம்மா அத்தை மட்டும் பையைக் கையில் வாங்கி, கொக்கிகளை எண்ணிப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார். "என் மக கல்யாண பிளவுஸுக்கே நீ ஆறுதானே வச்ச."

ஓடர்

பையைப் பார்த்ததும் டீச்சருக்குத் துணி அடையாளம் தெரிந்துவிட்டது. தன் பிளவுஸ் கை போனுக்குச் சட்டையானதற்காகச் சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். அவர் ஒன்பது கொக்கியையும் கழற்றினார், ஒன்பதையும் மாட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். பெற்றோர் குரூப்பில் வருகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் போட்டுப் போட்டு, பிள்ளைகளின் கணக்குக் கொப்பியைத் திருத்தும்போதும் கண் போனில்தானாம். சரியான கணக்குக்குப் பிழை போட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாராம். எழும்பிப் போகும்போது சொன்னார்: "மற்றத் துண்டும் கிடக்கும்தானே? அதில எனக்கும் ஒண்டு தைச்சுத் தாரும். கொக்கி பன்னிரண்டு வையும்."

அதன் பிறகு பவானியும் ஒரு பைக்கு ஓடர் தந்தாள். கல்யாணத்துக்கு முன்பு போனைக் குறைக்கப்போகிறாளாம். நானும் சந்தோஷமாக அளவெடுத்து, அவளுக்குப் பிடித்த ரோஸ் நிறத்திலேயே தைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் பையோடு வந்து நின்றாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. கொக்கிக்குப் பதிலா ஜிப் வச்சுத் தர்றீங்களா?"

இரண்டரை மணி

இப்போது தினமும் இரண்டு இருபத்தைந்துக்குக் கொக்கிகளைக் கழற்றத் தொடங்குவேன். மெஷினை விட்டு எழும்பி, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் உட்காருவேன். முதல் நாள் அவருக்கு என்னைப் பார்க்கவே புதிதாக இருந்தது. மெஷின் பழுதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சோற்றைக் காட்டினார். நான் மலையில் இறங்கும் மூட்டத்தைக் காட்டினேன். பதினைந்து நிமிஷம் இவ்வளவு நீளமா என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அவர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறைத்து வைத்திருந்த வலது கையைத் திரைக்கு முன்னால் தூக்கி விரல்களை மடக்கினார். நடுவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றது. "ஒரு வெரலு இன்னும் மடங்கல விஜி. நீ பாத்துக்கிட்டு இருக்கிறப்ப சொல்லணும்னு வச்சிருந்தேன்."

ஸ்டியரிங் பிடிக்கிற கை. வேலை போய்விடுமோ என்று தனியாக இருந்து பயந்திருக்கிறார், ஒரு மாதமாக. முழுவதையும் கேட்டேன். டாக்டரிடம் திரும்பப் போகச் சொன்னேன்; போனார். முடியாவிட்டால் வந்துவிடுங்கள், இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொன்னேன். இப்போது கோல் வந்ததும் முதல் வேலை விரல் பார்ப்பதுதான். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி அவர் மடக்கிக் காட்டுவார், நான் கண்ணால் அளப்பேன். நேற்று விரல் உள்ளங்கையைத் தொட இன்னும் ஓர் அங்குலம்தான் பாக்கி.

எங்கள் தொழிலில் தைப்பதைவிடத் தப்பாகத் தைத்ததைப் பிரிக்கத்தான் நேரம் அதிகம் ஆகும்: நான் போட்ட ஒரே ஒரு 'ம்'மைப் பிரிக்கவே இத்தனை கொக்கி தேவைப்பட்டது, நீங்கள் எத்தனை 'ம்' போட்டு வைத்திருக்கிறீர்களோ, நான் அறியேன்.