எஸ்தர் மேடமும் எபாக் என்ற சொல்லும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றிருந்தபோது எஸ்தர் மேடத்தின் கணவர் சாமுவேல் கைபேசியில் அழைத்தார். "சார், எஸ்தர் கர்த்தர்கிட்ட போயிட்டா." கேட் திறக்க வெகுநேரம் ஆனது. எங்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திய எஸ்தர் மேடத்தை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். துக்கத்தோடு மனத்தில் ஓர் உறுத்தலும் இருக்கிறது.

நான் கணினித் துறை. ஒருநாள் மேடம், பேட்டரி செத்துப்போன தன் கைபேசியைக் கொண்டுவந்தார். உயிர் வந்ததும் அது 1970 ஜனவரி ஒன்று என்று காட்டியது. கணினிகள் பலவும் அந்த நாளிலிருந்துதான் நொடிநொடியாக எண்ணுகின்றன, அந்தத் தொடக்கத்துக்கு எபாக் என்று பெயர் என்றேன்.

"அட, அது எங்க வார்த்தை சார்! எங்ககிட்டேர்ந்து சுட்டுட்டு எங்களுக்கே பாடமா?" என்று சிரித்தார். கிரேக்க மொழியில் அதற்கு நிறுத்தம் என்று பொருளாம். வானில் எதன் இடமும் மெல்ல மாறிக்கொண்டே இருப்பதால், வானியலார் ஒரு கணத்தை நிறுத்திவைத்து அதைக் கொண்டே இடம் குறிக்கிறார்கள். நம் பஞ்சாங்கக்காரர்கள் கலியுகம் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதும் இதே வேலைதான் என்றார்.

சாமுவேல் விவசாயி. ஒரு குறுவை நெல் பருவத்தில் பயிரின் வயதை நாற்றங்காலில் விதைத்த நாளிலிருந்து எண்ணிச் சொல்லி அறுவடை இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார். ஓட்டுநரோ வயலில் நாற்று நட்ட நாளிலிருந்து என்று எடுத்துக்கொண்டார். பச்சை வயலின் வரப்பில் இயந்திரம் வந்து நிற்க, இருவரும் மல்லுக்கு நின்றார்கள். மேடம் சொன்னார்: "எதுலேர்ந்து எண்ணுறோம்னு முதல்ல சொல்லணும். இல்லேன்னா ரெண்டு பேரும் சரி, கதிர்தான் பச்சை."

ஓய்வுபெற்ற பிறகு மேடத்துக்கு மறதி நோய் வந்தது. நினைவு தெளிவாக இருந்தபோதே சாமுவேலையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். "நான் பழைய காலத்துக்குப் போயிட்டா கூடவே வந்து நடிக்காதீங்க. இன்னிக்கு என்னன்னு சொல்லுங்க. அழுதாலும் பரவால்லை."

சொன்னபடியே பழைய காலத்துக்குப் போனார். அவர் வளர்த்த தம்பி டேனியல் காய்ச்சலில் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டபடி இருந்தார். சாமுவேல், "கடைத்தெருவுக்குப் போயிருக்கான்" என்பார். என்னிடம் கேட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். தம்பி அன்றுதான் செத்ததுபோல் அழுதார். வாசல்வரை வந்த சாமுவேல், "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க சார். கூட இருக்கறவன் நான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மேடம் கேட்டதைத்தானே செய்தேன் என்று வீம்பாக இருந்தேன். பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் சாமுவேல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவை நானும் சொன்னேன் சார், டேனியல் இல்லைன்னு. அதுவரைக்கும் என்னைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்னே நினைச்சிட்டிருந்தா. அழுது ஓஞ்சு, என் முகத்தையே பார்த்தா. 'என்னங்க'ன்னு கூப்பிட்டா."

மண்மேட்டில் சரிந்திருந்த மாலையை நேராக்கி வைத்தார்.

"மறுநாள் திரும்பவும் தம்பியைக் கேட்டா. கடைத்தெருவுக்குப் போயிருக்கான்னுட்டேன். அந்த 'என்னங்க'வை இன்னொரு தடவை கேக்கணும்னு அவ்வளவு ஆசை சார். அதுக்காக அவளைத் திரும்ப அழவைக்கலாமா?"

எஸ்தர் மேடத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான்.