தலைதீபாவளிக்கு ஒரு காற்றுப்பை

மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளிச் சீராக முருகன் டாலர் கோத்த தங்கச் சங்கிலி போடுவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அவர் வேண்டாம் என்றார்.

"சங்கிலியெல்லாம் நான் போடமாட்டேன் மாமா. லாக்கர்லதான் கெடக்கும். அதுக்குப் பதிலா ஒரு ஏர்பேக் வாங்கிக் குடுங்க. யூஸாவது ஆகும்."

குபெர்டினோவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான் கொண்டுபோன புளியோதரையை ஸ்பூனால் கிளறிக்கொண்டே இதைச் சொன்னார். அமெரிக்காவில் இங்கே எல்லாச் சாமியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஒரு கோயிலில், மடப்பள்ளிச் சமையல்காரனாக இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. தெரிந்தது அடுப்பும் சாமியும்தான். பிரசாதத்தைக் கையில் வாங்காமல் ஸ்பூனால் கிளறுகிற ஆளை எனக்குப் பிடிக்காது. சொல்லப்போனால் கல்யாணத்துக்கு முன்பே பிடிக்கவில்லை. மகளே பார்த்துச் சொன்ன பையன். சரி என்று தலையாட்டினேன், அவ்வளவுதான்.

ஏர்பேக் என்றால் காரில் இருப்பது என்று நினைத்தேன். மகள்தான் விளக்கினாள். குளிர்காலத்தில் மாப்பிள்ளை தாஹோ பக்கத்து மலைகளில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். பனிமேல் ஓடுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு வண்டி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் ரப்பர் பட்டை. மலைச் சரிவில் ஏறும்போது சில சமயம் மேலே இருக்கிற பனி மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு இறங்குமாம். அப்போது தோளருகே இருக்கிற கைப்பிடியை இழுத்தால், உள்ளே இருக்கும் சின்ன சிலிண்டரிலிருந்து காற்று பாய்ந்து ஒரு பை தலைக்குப் பின்னால் உப்பிக்கொள்ளுமாம். ஆள் அடியில் போகாமல் மேலாகவே வருவானாம்.

"மேலதான் வருவோம்னு எழுதிக் குடுப்பாங்களா மாப்பிள்ளை?"

"சான்ஸ் அதிகம் மாமா. கேரண்டி இல்ல."

"அப்ப பனி சரியிற எடத்துக்குத்தான் போறீங்க."

"சரிஞ்சா, மாமா. சரிஞ்சா. உங்க கிச்சன்ல கேஸ் அடுப்பு இல்லையா? அதுவும் ரிஸ்க்தானே."

"நாங்க சாமிக்குச் சமைக்கிறோம். பொழுது போகாம அடுப்பு பத்தவைக்கிறதில்ல."

மகள் என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள். வாயை அடைக்கிற அப்பளம். நீயும் அந்த வண்டியில் ஏறுகிறாயா என்று அவளிடம் முன்பே கேட்டிருக்கிறேன். "இல்லப்பா, நான் லாட்ஜ்ல ஹாட் சாக்லேட் குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் நிம்மதியாக இருந்தேன்.

மாப்பிள்ளை தன் போனில் இரண்டு படம் காட்டினார். ஒன்று முதுகுப்பை. இன்னொன்று வெஸ்ட், கையில்லாத கோட் மாதிரி மார்பையும் முதுகையும் கவ்விக்கொள்வது. அவருக்கு வெஸ்ட்தான் வேண்டுமாம்.

"பேக்பேக் வண்டில திரும்பறப்போ ஆடும் மாமா. வெஸ்ட் உடம்போட இருக்கும். ஹேண்டில்பார் நெஞ்சுல இடிச்சாலும் கொஞ்சம் தாங்கும்."

முதுகுப்பைப் படத்தில் ஒரு குட்டி மண்வெட்டி செருகியிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். கூட வந்தவர் புதைந்துபோனால் தோண்டுவதற்காம்.

"அப்ப வெஸ்ட் போட்டா மண்வெட்டிய எங்க வெப்பீங்க?"

"வண்டிக்குப் பின்னால ஒரு பை இருக்கும். அதுல வெச்சுக்கலாம்."

மடப்பள்ளியில் அண்டா இறக்குகிற பிடிதுணி தோளில் கிடக்க வேண்டும். ஆணியில் மாட்டினால் நான் திட்டுவேன். பால் பொங்கும்போது ஆணியைத் தேட முடியாது.

"பனி சரிஞ்சா வண்டி ஒரு பக்கம் உருளும், நீங்க ஒரு பக்கம் கெடப்பீங்க. கூட வந்தவர எதால தோண்டுவீங்க மாப்பிள்ளை? ஸ்பூனாலயா?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

சங்கிலியே போதும் என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட சீரை மறுத்தால், பேச்சு என் மகள் தலையில்தான் விடியும். மனைவி வீட்டுக்கு வந்ததும், "அவர் கேட்டதையே வாங்கிக் குடுத்துடுங்க. தாலி கட்டினவர் தலைக்குப் பாதுகாப்புன்னா அது நம்ம பொண்ணுக்குத்தானே" என்றாள். சரி என்றேன். சாமி முன்னால் நின்று, இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டும்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நான், மகள், மாப்பிள்ளை மூன்று பேரும் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கடைக்குப் போனோம். காரில் மூன்று மணி நேரம். அவர் ஃப்ரீவேயில் லேன் மாறும்போதெல்லாம் நான் "முருகா" என்றேன். நான்காவது தடவை, "மாமா, முருகன் பின்னால உக்காரட்டும், நான் டிரைவ் பண்றேன்" என்றார்.

கடையில் ஒரு அம்மாள் இருந்தாள். என் வயதிருக்கும். ஒரு முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். எத்தனை பேர் போவீர்கள், யார் எதைச் சுமப்பீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு வருஷக்கணக்காகப் பதில் சொன்னவனுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

மாப்பிள்ளை ஸ்மால் சைஸ் வெஸ்ட் கேட்டார். அவர் உடம்புக்கு இரண்டு அளவு குறைச்சல். மூச்சைப் பிடித்துக்கொண்டு மார்புக் கொக்கியை மாட்டினார். இப்படிப் பிதுங்கி நிற்பதுதான் ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கீழே ஒரு பட்டை தொங்கியது. அந்த அம்மாள் அதைக் காட்டி, இது கால்களுக்கு இடையில் போக வேண்டும் என்றாள். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றார். மாமனார் முன்னால் கோவணம் கட்டுகிற மாதிரி நிற்க அவருக்குக் கூச்சம். பார்க்க எனக்கும்தான்.

அவள் விடவில்லை. அந்தப் பட்டையைப் போடாத ஆளைப் பனி இழுக்கும், வெஸ்ட் தலைவழியாகக் கழன்றுவிடும், பை மேலே மிதக்கும், ஆள் உள்ளே போவார் என்றாள். இதுதான் எல்லோரும் செய்கிற தப்பு என்றாள்.

எனக்குக் கை துறுதுறுத்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் கையத் தூக்குங்க."

தூக்கினார். கழுத்துக்குப் பின்னால் இருந்த வளையத்தைப் பிடித்து மேலே ஒரு இழு இழுத்தேன். அண்டா தூக்குகிற கை. வெஸ்ட் விருட்டென்று ஏறி அவர் காதில் போய்ச் சிக்கியது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் தொங்கியது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"பனி பண்றத, மாப்பிள்ளை."

கடைக்கார அம்மாள் தலையாட்டினாள். மகளுக்குத்தான் கோபம் வந்தது. "அப்பா, ஸ்டாப் இட். எல்லாரும் பாக்கறாங்க" என்று முன்னால் வந்து, அந்த வெஸ்டை அவர் தலையிலிருந்து கழற்றி, ஒரு பழக்கத்தில் தானே மாட்டிக்கொண்டாள். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் தங்கள் வேலையைச் செய்தன. மார்புக் கொக்கி, பக்கவாட்டுக் கொக்கி, கைப்பிடி சரியாக வருகிறதா என்று ஒரு தொடல். வண்டியின் ஆக்ஸிலரேட்டர் வலது கட்டைவிரலில் இருப்பதால் கைப்பிடி இடது கைக்கு எட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் அப்போதுதான் சொல்லியிருந்தாள். மகளின் இடது கை தேடாமலே அங்கே போனது. பிறகு குனிந்து பார்க்காமல் கீழே தொங்கிய பட்டையைப் பிடித்தாள். பிடித்தவள் என்னைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

கடைக்குள் சத்தம் எல்லாம் தூரப் போன மாதிரி இருந்தது.

"ஹாட் சாக்லேட் குடிக்கிறவளுக்கு, பாக்காமலே கொக்கி போட யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

அவள் பட்டையைக் கைவிட்டாள்.

"எத்தன வருஷமா?"

"மூணு."

கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கணக்குத் தெரியும்.

"நான்தான்பா அவரக் கூட்டிட்டுப் போனேன். ஃபர்ஸ்ட் டைம் அவர் பயந்து நடுங்கினார்."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா மாமா" என்றார் மாப்பிள்ளை. "இவ யூஸ் பண்ணினது ஃபிரெண்டோட வெஸ்ட். அவங்க டெக்சாஸ் போறப்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க. இவ கேட்டா நீங்க வண்டிச் சாவிய ஒளிச்சு வெப்பீங்க. நான் சீர்னு கேட்டா மறுக்க மாட்டீங்கன்னு இவதான் சொன்னா. இந்த ஸ்மால் வெஸ்ட் இவளுக்குத்தான்."

அப்போது நான் பேசியது நல்ல பேச்சு இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கில் கசக்கிறது. பொண்டாட்டியை முன்னால் விட்டுப் பின்னால் போகிற ஆம்பிளை என்று சொன்னேன். நல்லவேளை, தமிழ் அங்கே எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அவர் கண்ணாடியைச் சரி செய்தார். அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவர். அப்போதும் உயர்த்தவில்லை.

"அவ முன்னால போறா, ஏன்னா எந்தச் சரிவுல ஏறலாம், எதுல கூடாதுன்னு அவளுக்குத்தான் தெரியும். எத்தனையோ தடவ திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கா. நான் கீழ நிக்கிறேன், ஏன்னா அவ புதைஞ்சா தோண்ட வேண்டியவன் நான். என்கிட்ட பழைய பேக்பேக் ஒண்ணு இருக்கு. மண்வெட்டி அதுல, என் முதுகுல இருக்கு மாமா. ஸ்பூன் இல்ல."

நான் சொன்ன ஸ்பூன் என் மேலேயே திரும்பி வந்தது. அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது. எத்தனை வாரம் நான் குத்திப் பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, என்னை முட்டாளாக உட்கார வைத்திருக்கிறார். போகாதே என்று மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "போவேன்பா. வெஸ்ட் இல்லாமலும் போவேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். என் பிடிவாதம் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஆக, வாங்குவதா வேண்டாமா என்கிற பேச்சு முடிந்துவிட்டது. எது என்பதுதான் பாக்கி.

நான் முதுகுப்பை என்றேன், மண்வெட்டி அவளோடு இருக்க வேண்டும் என்பதற்காக. அவள் வெஸ்ட் என்றாள். கடைக்கார அம்மாள் எங்கள் சண்டையைக் கேட்டுச் சலித்து, காட்சிக்கு வைத்திருந்த வண்டியில் அவளை ஏறி உட்காரச் சொன்னாள். முதலில் முதுகுப்பை. என் மகள் குள்ளம், அவள் அம்மா மாதிரி. உட்கார்ந்து பின்னால் சாய்ந்ததும் பையின் அடி சீட்டில் இடித்து, மொத்தமும் மேலே தூக்கியது. தோள்பட்டை காதுக்கு வந்தது. எழுந்து பக்கவாட்டில் எடையைப் போட்டபோது பை அவளை இழுத்தது. நான் பார்க்காத மாதிரி நின்றேன். ஆனால் பார்த்தேன்.

பிறகு இன்னொரு வெஸ்ட் வந்தது. அதன் முதுகில் தட்டையாக ஒரு பாக்கெட். கழற்றி மாட்டுகிற மண்வெட்டியும், புதைந்தவரைக் குத்தித் தேடுகிற மடக்குக் கம்பியும் அதில் அடங்கின. தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை.

"தண்ணி வண்டியோட போனா போகட்டும்" என்றேன். அதுதான் நான் கொடுத்த சம்மதம்.

கீழே பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கையுறைகளைப் பார்த்து நின்றேன். கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு. கிளிக் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் போய் அவள் கழுத்துக்குப் பின்னால் இருந்த வளையத்தைப் பிடித்து இழுத்தேன். அவள் கால்விரல் நுனியில் எழும்பினாள். வெஸ்ட் அசையவில்லை. அவள் மொத்தமாக என் கையோடு வந்தாள்.

"விடுங்கப்பா."

கொஞ்ச நேரம் விடவில்லை.

தீபாவளியன்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வேட்டி, அதன்மேல் அந்த வெஸ்ட். சீர் மாப்பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி என் மகளிடம் கொடுத்தார். என் மனைவி ஒன்றும் கேட்காமல் சிலிண்டருக்குக் குங்குமம் வைத்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று அவளோடும் பேசவில்லை.

பனி விழ ஆரம்பித்ததும் நான் ஒன்று சொல்லிவிட்டேன். மலைக்குப் போகிற சனிக்கிழமை, விடிந்ததும் மடப்பள்ளிப் பின்வாசலுக்கு வந்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆசீர்வாதம் எல்லாம் கிடையாது. இரண்டு பேரும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் ஒவ்வொருவராக இழுத்துப் பார்ப்பேன். மாப்பிள்ளையைக் கொஞ்சம் பலமாகவே இழுப்பேன். அவர் சொல்லாமலே கையைத் தூக்குவார். பிறகு ஒரு பொட்டலம் புளியோதரை கொடுப்பேன்.

"ஸ்பூன் வெக்கட்டுமா மாப்பிள்ளை?"

"வேண்டாம் மாமா. மண்வெட்டி இருக்கு."

போன மாதம் ஒரு சனிக்கிழமை, முந்தின நாளெல்லாம் மலையில் பனி கொட்டியிருந்தது. சரிவுப் பக்கமே போகமாட்டோம் என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். ஹாட் சாக்லேட் சொன்ன அதே வாய். நைவேத்தியத்தை நாங்கள் ருசி பார்ப்பதில்லை, கை அளவுதான். அன்று கை என்ன போட்டது என்று எனக்கு நினைவில்லை. உச்சிக்கால பூஜை முடிந்தது, பாத்திரம் கழுவினோம், அடுப்பு துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. மாப்பிள்ளை.

"கார்கிட்ட வந்துட்டோம் மாமா. ரெண்டு பேரும். மரத்துக்கு நடுவுலதான் ஓட்டினோம், அவ மேல ஏறவே விடல." கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "அப்பறம், புளியோதரைல இன்னிக்கு உப்பு டபுள்."

இந்த ஆளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. போனை வைத்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன்.