கிள்ளானுக்குப் போன அம்மிக்கல்

வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ஒரு சாம்பாரா என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பெருங்காயத்தைப் பொரிக்கத் தெரியாதவனுக்குத்தான் வெங்காயம் வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை, பூண்டு சேர்க்காத வீடுகளில் விசேஷம் என்றால் சமையலுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். தற்பெருமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பு, புளி, காரம் எல்லாம் எனக்கு மூக்கில்தான். கொதி வாசனையிலேயே உப்புக் குறைவைச் சொல்லிவிடுவேன்.

போகிற வீட்டு அம்மியை மட்டும் தொடமாட்டேன். அதில் யார் எப்போது பூண்டு நசுக்கினார்களோ, யார் கண்டது? எங்கள் வீட்டு அம்மியையே சாக்கில் சுற்றி ரயிலேற்றிக் கொண்டுபோவேன். ஸ்டேஷனில் சுமை தூக்குகிறவர் ஒவ்வொரு முறையும், கிள்ளானில் கல்லே கிடைக்காதா ஐயரே என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்.

அப்படித்தான் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். பெண் வீடு கிள்ளானில். மாப்பிள்ளை வீட்டார் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை, வளர்த்தது அத்தை. அந்த மாமி தலையசைத்தால்தான் அங்கே எதுவும் நடக்கும். பிறந்ததிலிருந்து பூண்டு அவர் நாக்கில் பட்டதில்லை. பெண்ணுக்கோ ஏற்கெனவே இரண்டு வரன் கைகூடி வந்து கலைந்திருந்தது. சாப்பாடு முடிந்து நல்ல நேரத்தில் லக்கினப் பத்திரிகை எழுதுவதாக ஏற்பாடு. பெண்ணின் அப்பா காலையிலிருந்து நாலு தடவை அடுப்படிக்கு வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் இருக்கும்போது என்ன கவலை என்று அனுப்பிவைத்தேன்.

பந்தியில் தேங்காய்த் துவையலை ஒரு விரல் தொட்டு வாயில் வைத்ததும் மாமியின் கை நின்றுவிட்டது.

"துவையல்ல பூண்டு வாசனை வரதே."

பெண்ணின் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கதவோரம் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"அது பெருங்காயம், மாமி. என் சமையல்ல பூண்டு இருந்தா இந்தக் கரண்டியை கிள்ளான் ஆத்துல வீசிட்டுப் போயிடறேன்."

கட்டிப் பெருங்காயம், புதுச் சரக்கு, கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும் என்று விளக்கமும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டு ஆண்களே என் பக்கம் சேர்ந்துகொண்டு, மாமிக்கு வயசாகிவிட்டது, மூக்கு மக்கர் பண்ணுகிறது என்று கேலி செய்தார்கள். மாமி நிமிர்ந்து ஒரு முறை கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு இலையில் இருந்த துவையல் முழுவதையும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். பத்திரிகையும் எழுதியாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை மனைவியிடம் அளந்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் பிள்ளைக்கு அப்போது ஒன்றரை மாதம். அவளுக்குப் பால் போதவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளிலும் பூண்டு உண்டு, அது மருந்துக் கணக்கு. பாசாரில் வாங்கிக் கொடுத்ததே நான்தான். கொல்லைப்புறத்தில் தணலில் சுட்டுத் தின்னச் சொல்லியிருந்தேன். சுட்டது தொண்டையில் இறங்கவில்லை என்று, அன்று காலை நான் குளிக்கப் போன நேரத்தில் மிளகோடு அம்மியில் வைத்து அரைத்திருக்கிறாள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவியும் இருக்கிறாள். ஆனால் அது முந்தின வாரம்தான் கொத்தின கல். புதுக் குழிக்குள் போன பூண்டு புளிக்கெல்லாம் அசையுமா? நானே மூட்டை கட்டி, ரயிலேற்றி, கிள்ளானுக்குப் பூண்டு கொண்டுபோயிருக்கிறேன். பொரித்த பெருங்காயத்தைத் தவிர வேறெதுவும் என் மூக்குக்கு எட்டவில்லை.

அவமானம் பிடுங்கித் தின்றது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் மூன்றாவது வரனும் கலையலாம். ஆனால் ஒரு மனுஷியை நாலு பேர் முன்னால் பொய்யாக்கி, தொடாததைத் தின்ன வைத்திருக்கிறேனே. மறுநாள் செந்தூலுக்குப் போய் மாமியிடம் தனியாக எல்லாவற்றையும் கொட்டினேன். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்றேன்.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை.

"பூண்டுன்னு அப்பவே தெரியும். பக்கத்து வீட்ல தினம் தாளிக்கறா, எனக்கு அந்த வாசனை தெரியாதா?"

பின்னே ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"கதவுகிட்ட அந்தப் பொண்ணு நின்னாளே, பாத்தியோ? நான் இலையை விட்டு எழுந்திருந்தா, அவளை அப்புறம் யார் கேட்டு வருவா?"

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். அந்தக் கல் வீட்டிலேயே இருக்கட்டும், பிள்ளைக்குப் பால்தான் முக்கியம், நீ வேறு கல் வாங்கிக்கொள் என்றார். நான் படி இறங்கியதும் மறுபடி கூப்பிட்டார்.

"கரண்டியை ஆத்துல போட்டுடாதே. கல்யாணத்துக்கும் நீதான் சமைக்கறே."