இரண்டு கல்லுக்கு நடுவில்

என் தங்கையின் கணவர் மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். நேரில் எல்லோரும் ‘மீட்டர்காரர்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘ஒட்டகம்’. உயரத்துக்கும் பொருந்தும், நடைக்கும் பொருந்தும். மற்றவர்கள் மாலை வரை இழுக்கும் தெருக்களை அவர் மதியத்துக்குள் முடித்துவிடுவார். அலுவலகத்தில் சைக்கிள் கொடுத்தபோது, அதில் போனால் தாமதமாகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தன் கால்களைப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் தங்கை, சமையலறை வாசலுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தகடு வைத்துச் சரிசெய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டுக்குப் போனாள். வழுக்காத தரையில் தினமும் நன்றாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகி நாற்காலியோடு இருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டின் முன்பக்கம் முழுக்கப் படிகள். நடக்க இடம் என்றால் பின்பக்கத் தோட்டம்தான். அவள் திரும்பி வருவதற்குள் அங்கே ஒரு பாதை போட்டுவிடுவது என்று மீட்டர்காரர் முடிவு செய்தார்.

“கொத்தனாரைக் கூப்பிடுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“என் பொண்டாட்டி நடக்கப்போற பாதை மச்சான். நான்தான் போடணும்.”

மண்ணை வெட்டி, செங்கல் உடைசலைப் பரப்பிக் கெட்டித்தார். மேலே மணல். கல் வாங்கப் போன இடத்தில் ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்து, வழுக்காததை மட்டும் பொறுக்கினார். இடிந்த துவைக்கும் தொட்டியின் செங்கற்களில் ஒட்டியிருந்த பழைய சிமெண்டை உளியால் கொத்தி எடுத்து, பாதையின் இரண்டு ஓரத்திலும் நிறுத்தி வைத்தார்.

கற்களுக்கு இடம் குறித்த விதம்தான் முக்கியம். சமையலறை வாசலிலிருந்து கொடி வரை ஈர மணலில் இயல்பாக நடந்தார். பதிந்த ஒவ்வொரு காலடியிலும் ஒரு கல்.

“கால் எங்க விழுதோ அங்க கல்லு. சும்மா டேப்பைப் பிடிச்சு வைக்கிறதெல்லாம் ஆகாது மச்சான்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. கல்லுக்குக் கல் நடுவே ஜல்லியைக் கொட்டினார்.

தங்கை வந்த அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். பக்கத்து வீட்டுத் தையல்காரரையும் அவர் மனைவியையும்கூட அழைத்திருந்தார்.

“கண்ணை மூடிக்கோ” என்றார் தங்கையிடம்.

“ஏற்கெனவே காலு போச்சு. கண்ணையும் மூடச் சொல்றீங்களா?”

முதல் கல்லில் ஏறி நின்றாள். வாக்கரை முன்னால் வைத்தாள், அதன் கால்கள் ஜல்லியில் புதைந்தன. தூக்கிய பாதம் அடுத்த கல்லை எட்டவில்லை. நடுவே ஜல்லியில் விழுந்து சறுக்கியது. மகள் பிடித்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள், மறுபடி சறுக்கியது. அதற்குமேல் அவள் காலைத் தூக்கவில்லை.

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “பாதை நல்லாத்தான் இருக்குக்கா. நீங்கதான் ஒரு அடி குட்டையாப் பொறந்துட்டீங்க.”

எல்லோரும் சிரித்தோம். தங்கையும் சேர்ந்துகொண்டாள். “இவர் லட்சணம் தெரியாதா? கல்யாணமான புதுசுல வெளிய கூட்டிட்டுப் போனார். பேசிக்கிட்டே போறார், போறார். தெருமுனையில திரும்பிப் பார்த்தா நான் எங்கயோ வர்றேன். அவ்வளவு நேரம் யாருகூடப் பேசினாரோ!”

பழைய கதைதான். எப்போது சொன்னாலும், “நீ ‘ம்’ கொட்டினது கேட்டுச்சே” என்று அவரும் ஒரு வரி சேர்ப்பார். அன்று சேர்க்கவில்லை. காது மடல்கள் சிவந்திருந்தன.

“கல்லு வைக்கிறப்போ அம்மா எப்படி நடப்பாங்கன்னு ஒரு தடவைகூட நினைக்கலையாப்பா?” என்றாள் மகள்.

“நினைச்சேம்மா.”

பிறகு குழாயடியில் கை கழுவும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நிஜமாவே நினைச்சேன் மச்சான். முகம் வருது, குரல் வருது. நடை வரலை. எப்பவும் பின்னாடிதானே வந்தா.”

நடுவில் செங்கல் பதித்தால் தீர்ந்துவிடும். ஆனால் அவள் அடி எங்கே விழும் என்று தெரிய வேண்டும். அதற்கு அவளைக் கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. துணி காயப்போடக்கூடப் பாதையில் கால் வைக்காமல் பக்கச் சுவரை ஒட்டிப் போய் வந்தார். தங்கையும் கூடத்தில் நாலு சுவருக்குள் நடந்து சலித்து, மெல்ல மெல்ல உட்கார்ந்தே இருக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் நான் போயிருந்தபோது, எட்டிப் பிடிக்கும் தூரத்திலிருந்த தண்ணீருக்கு அவள் நாற்காலியிலிருந்தபடியே அவருக்குக் குரல் கொடுத்தாள். எடுத்துக் கொடுத்தவர் அங்கேயே நின்றார்.

“கொஞ்சம் நடக்கிறியா? நான் பின்னாடி வர்றேன்.”

“எதுக்கு?”

“பார்க்கணும்.”

“பொண்ணு பார்க்க இப்பத்தான் வந்தீங்களா? அண்ணன் வேற உட்கார்ந்திருக்கான்” என்று வெட்கப்பட்டாள். ஆனாலும் எழுந்தாள்.

அவர் அத்தனை உயரத்தையும் மடக்கிக் குந்தி, சாக்குக்கட்டியால் அவள் குதிகால் பட்ட இடங்களில் கோடு போட்டுக்கொண்டே நகர்ந்தார். இடது கால் வெளிப்பக்கம் திரும்பி, பாதி அடிதான் வந்தது.

“இந்தக் கால் ஏன் இப்படி இழுக்குது? ஆபரேஷனை ஒழுங்காப் பண்ணலையா?”

தங்கை திரும்பாமலே சொன்னாள். “இது ஆபரேஷனால இல்லங்க. மக பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்.”

சாக்குக்கட்டி நின்றது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அடுத்த கோட்டைப் போட்டார்.

கற்களைப் பெயர்த்து எடுக்கவில்லை. நடுவிலிருந்த ஜல்லியை அள்ளிவிட்டு, கல்லின் மட்டத்துக்குச் செங்கற்களைப் படுக்கவைத்துப் பதித்தார். இடது கால் விழும் இடங்களில் வெளிப்பக்கம் ஒரு செங்கல் கூடுதலாக வைத்தார். இப்போது வாக்கர் ஆடாமல் நிற்கிறது. தங்கை தினமும் கொடி வரை போய்த் திரும்புகிறாள். வருகிறவர்கள், “கல்லு, செங்கல்லு, மறுபடி கல்லு, அட, டிசைன் நல்லாருக்கே! யார் யோசனை?” என்று கேட்டால், மீட்டர்காரர் அவர்கள் வீட்டு மின்விசிறியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

அவள் நடக்கும்போது பின்னால் போவதுதான் இப்போது வழக்கம். நேற்று ஏதோ பேசிக்கொண்டே தன்னை மறந்து முந்திவிட்டார். கொடியருகே போனதும்தான் உறைத்திருக்க வேண்டும், பேச்சு பாதியில் நின்றது. அவர் திரும்பவில்லை. வெறும் கொடியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். வாக்கரின் சத்தம் கல்லிலும் செங்கல்லிலும் மெதுவாக நெருங்கியது.

“வந்துட்டேன், திரும்புங்க” என்றாள் தங்கை. “நான் ‘ம்’ கொட்டினது கேட்டுச்சா?”